நோய்க்குக் காவல் நிற்கும் நாணம்

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில், கோழி கூவுமுன் அரளித் தோட்டத்தில் இறங்கி அரும்பு பறிக்கும் தாய்மார்களை நாமறிவோம். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போயிற்று. ஆதலின் அவர்கள் படுப்பதில்லை. வலித்தால்தான் நோய், தாங்க முடியாமற் போனால்தான் மருத்துவமனை! இது வறுமை அவர்கட்கு வகுத்துத் தந்த சட்டம். மார்பகப் புற்றுநோய்க்கு இச்சட்டமே துணை நிற்கிறது. ஏனெனில், தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை.

வலிக்காத கட்டியொன்று கைக்குத் தட்டுப்படுகிறது. யாரிடம் சொல்வாள்? கணவனிடம் சொல்ல நாணம்; மாமியாரிடம் சொல்ல அச்சம்; மருத்துவரிடம் காட்டக் கூச்சம். தானாகக் கரையுமென்று தன்னையே தேற்றிக்கொள்கிறாள். கட்டி கரையவில்லை, காலம் கரைகிறது. புண்ணாகிப் புரையோடிய பின்னரே மருத்துவமனை வாயிலை மிதிக்கிறாள். இதுவா பெண்மைக்கு இலக்கணம்? அல்ல தோழர்களே, அறியாமைக்கு நாம் சூட்டிய அழகுப் பெயர்!

பேசக்கூடாதெனப் பூட்டி வைத்ததைப் பேசுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையின் கொடுமையை அவையறியப் பேசினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதனை ஆலமரமாக வளர்த்தனர். ஆலமரம் இருந்தென்ன, நிழலுக்கு வருவோர் அந்தி சாய்ந்த பின் வந்தால்?

2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது; சுமார் 6,70,000 பேர் மாண்டனர். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம் வகிக்கிறது. வயது ஏற ஏற வாய்ப்பு ஏறும். சிலருக்குத் தாய்வழி, தந்தைவழி மரபாகவும் வரும். உடற்பருமனும் மதுவும் கூட்டும். தாய்ப்பால் ஊட்டுதல் ஓரளவு குறைக்கும். ஆயினும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாயிருப்பதும் வயதும் தவிர வேறு காரணம் புலப்படுவதில்லை. முற்பிறவிப் பாவம் என்பது பொய். தொட்டால் ஒட்டும் என்பது பொய். ஊசியிட்டுச் சதை எடுத்துச் சோதித்தால் பரவும் என்பதும் பொய்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி. தோல் குழிதல், ஆரஞ்சுத் தோல்போல் தடித்தல். காம்பு புதிதாக உள்ளிழுத்தல், அதில் ஆறாத புண், இரத்தக் கசிவு: இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்க. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்ல. அதனைச் சோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீடு அல்ல. தொடக்கத்திலே கண்டால், பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தே மார்பகத்தைக் காக்கலாம். தேவைக்கேற்ப மருந்துச் சிகிச்சையும் உண்டு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது.

தோழர்களே! வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக ஏறி இறங்கத் தெரிந்த நமக்கு, இச்செய்தியோடு ஏறத் தெரியாதா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யத் திட்டம் உண்டு. அது நடக்கிறதா எனக் கேளுங்கள். நடக்கவில்லையெனில் நடக்கச் செய்யுங்கள். முதலில் உங்கள் வீட்டுத் தாயை, துணைவியை, தமக்கையை அழைத்துச் செல்லுங்கள். அன்றைய கூலி போகட்டும், உயிர் நிற்கும்.