முதலில் ஆட்டம், பிறகு பெட்டி
பிளேஸ்டேஷன் வாங்கலாமா, எக்ஸ்பாக்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதிரி ஆட்டம் உங்களுக்குப் பிடிக்கும்? பாதிப் பேரிடம் பதில் இருப்பதில்லை. வீடியோ கேம் என்றாலே துப்பாக்கிச் சத்தம்தான் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு, 2023இல் வந்த 'வெண்பா'வைச் சொல்வேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயாரின் சமையல் குறிப்பேட்டில் பல வரிகள் அழிந்துபோயிருக்கும். விட்டுப்போனதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பலகாரமே இட்லி! தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பது புதிரின் ஒரு பகுதி. இதற்கு விரல் வேகம் வேண்டாம், அடுப்படி அனுபவம் போதும். நம் வீட்டுப் பாட்டிகள் பேரன்களை எளிதாக முந்திவிடுவார்கள். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சின்ன ஆட்டம், 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. நின்டெண்டோவின் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி என எதிலும் ஆடலாம். 'மாரியோ கார்ட் 8' மீதுதான் ஆசை என்றால் நின்டெண்டோவை விட்டால் வழியில்லை. பழைய டிஸ்க் வாங்கி ஆடி முடித்து விற்கிறவர்களுக்கு, டிஸ்க் போட இடமே இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ஒத்துவராது. கடைக்குப் போகும்முன், ஆட விரும்பும் ஆட்டங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.