கிருஷ்ணனா, விஜய்யா?

தட்டாஞ்சாவடி டீக்கடையில் நேற்றும் அதே சண்டை. டென்னிஸில் ராமநாதன் கிருஷ்ணன் பெரியவரா, விஜய் அமிர்தராஜ் பெரியவரா? நான் கிருஷ்ணன் கட்சி. 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. தோற்றது ஃபிரேசரிடமும் லேவரிடமும். அந்தந்த வருடம் கோப்பையைத் தூக்கியவர்கள் அவர்கள்தான்.

“அப்போ தொழில்முறை ஆட்டக்காரர்களை உள்ளேயே விடலையே சார்” என்றார் நண்பர். உண்மைதான். ஆனால் விஜய் காலிறுதிக்கு வந்த 1973-இல் 80 பேர் போல ஆடாமல் புறக்கணித்தார்களே! அதைக் கேட்டதும் மனிதர் முகம் வாடிவிட்டது.

1981 காலிறுதியில் கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டை வென்றுவிட்டு, மீதி மூன்றையும் விஜய் கோட்டைவிட்டபோது நானும் தூங்கவில்லை. அதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.