அப்பாஸ்ட்ரஃபி இருக்கட்டும்!

ஆங்கிலத்தில் எஸ் எழுத்தின் பக்கத்தில், மேலே தொங்கும் காற்புள்ளி மாதிரியான அந்த அப்பாஸ்ட்ரஃபி குறியை ஒழித்துவிடலாம் என்று அவ்வப்போது ஒரு கோஷ்டி கிளம்பும். 2009இல் பர்மிங்ஹாம் மாநகராட்சி தெருப்பலகைகளில் இனி அது வேண்டாம் என்றே முடிவெடுத்தது. "யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது இவர்கள் வாதம்.

நஷ்டம் இருக்கிறது சாமி!

தமிழில் மாணவனின், மாணவர்களின் என்றால் காதே கணக்குச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் "பாய்ஸ்" என்றால் பையன்களா, பையனுடையதா, பையன்களுடையதா? மூன்றுக்கும் ஒரே ஒலி. எழுத்தில்தான் வித்தியாசம். குறி எஸ்-க்கு முன்னால் வந்தால் சொந்தக்காரர் ஒருவர். பின்னால் வந்தால் பலர். சில்ட்ரன், விமன் போல எஸ் இல்லாமலே பன்மையான சொற்களுக்கு மட்டும் முதலில் குறி, பிறகு எஸ். விதி அவ்வளவுதான். இதைப் படிக்க அரைமணி நேரம் போதாதா?

கடன் ஒரு பங்குதாரருடையதா, எல்லாப் பங்குதாரர்களுடையதா? குறியை எடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்காகப் போராடிய அன்னா ஜார்விஸ், குறி எஸ்-க்கு முன்னால்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உலகத்துத் தாய்மார்களைப் பொத்தாம்பொதுவாக அல்ல, அவரவர் தன் ஒரே தாயைக் கொண்டாட வேண்டும் என்பதுதான் காரணம். தமிழில் அது "அன்னையர்" என்று பன்மையாகிவிட்டது; அவர் வலியுறுத்தியதே காணாமல் போனது.

கஷ்டமாக இருக்கிறது என்று குறியை ஒழிப்பது, கணக்கு வராதவன் சிலேட்டை உடைத்த கதைதான்.