படத்தில் இல்லாத கோடு

இரண்டு இணைகோடுகள், அவற்றின் குறுக்கே ஒரு வெட்டி, எங்கோ ஒரு மூலையில் எக்ஸ். ஏழாம் வகுப்பில் நுழையும் இந்தப் படம் அதற்குப் பிறகும் பிள்ளைகளை லேசில் விடுவதில்லை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களைக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள்: ஒத்த கோணங்கள் சமம், ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம், ஒரே பக்கத்து உட்கோணங்களைக் கூட்டினால் 180. பழுதில்லை, மதிப்பெண்ணும் வரும்.

வெட்டும் கோடு நடுவில் முறிந்திருந்தால்தான் சிக்கல். மேல்கோட்டோடு 35 பாகை, கீழ்க்கோட்டோடு 40 பாகை, முறிந்த மூலையில் எக்ஸ். "இந்த மாடல் புக்குல இல்லையே மாமா" என்பாள் பக்கத்து வீட்டுப் பெண். முறிவின் வழியே மூன்றாவதாக ஓர் இணைகோடு போட்டால் எக்ஸ் இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றுவிட்ட கோணம் தயாராக இருக்கிறது, விடை 75. அரை நிமிட வேலை. அந்தக் கோட்டைப் போடத் தோன்றுவதுதான் வடிவியல் என்பது என் கட்சி. கேள்வித்தாளில் இல்லாத கோட்டைப் போடலாமா என்று பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்தால், யாரோ அதட்டி வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் போட்டதும் அப்படியொரு கோடுதான். எகிப்தின் சியீன் ஊரில் கோடையின் நெடும்பகல் நாளில், உச்சிவேளையில் நிழல் இல்லை. வடக்கே அலெக்சாந்திரியாவில் நேராக நட்ட கம்போடு கதிரின் சாய்வு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. சூரியக் கதிர்கள் இணைகோடுகள். அலெக்சாந்திரியாக் கம்பை மனத்துக்குள் பூமியின் மையம்வரை நீட்டினால் அதுவே குறுக்குவெட்டி. கம்புக்கும் கதிருக்கும் நடுவிலுள்ள கோணமும் மையத்துக் கோணமும் ஒன்றுவிட்டவை, ஆகவே சமம். ஊர்களின் தூரத்தை 50ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும்.

அந்த இரண்டு ஊர்களும் நேர் தெற்கு வடக்காக இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் மூன்று பாகை விலகல். நமக்கு வாய்த்தது அதைவிட மேல். மதுரை, நாமக்கல், சேலம், தருமபுரி நான்கும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் வரிசை கட்டி நிற்கின்றன.

மதுரைக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 16ஐ ஒட்டி வரும். அன்று பகல் பன்னிரண்டே காலுக்குச் சேலத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டால் வடக்கே சுமார் 3 சென்டிமீட்டர் நிழல் விழும். சாய்வு 1.7 பாகை, ஊர்களுக்கு இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். 360ஐ 1.7ஆல் வகுத்து 190ஆல் பெருக்குங்கள், நாற்பதாயிரத்துச் சொச்சம் வரும். நாமக்கல்லையும் சேலத்தையும் வைத்தே செய்துவிட ஆசைதான். ஆனால் அங்கே வித்தியாசம் அரைப் பாகைகூடத் தேறாது; நிழல் எட்டு மில்லிமீட்டர்தான். சூரியத் தட்டே அரைப் பாகை அகலம் என்பதால் நுனி எங்கே முடிகிறது என்றே தெரியாது. மதுரையை வைத்துச் செய்தாலும் அளவுகோலைக் கவனமாகப் பிடிக்க வேண்டும்: ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பூமியின் சுற்றளவு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கூடியோ குறைந்தோ போகும்.