சிப்பந்திக்கும் ஒரு தோள் வேண்டும்

ஜொகூர் பாரு, ஜாலான் கெபுன் தேயில் ஒரு நினைவிடம் உள்ளது. 1977ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் ஒன்று கடத்தப்பட்டது. சிங்கப்பூரை நோக்கித் திருப்பப்பட்ட அவ்விமானம், ஜொகூர் மாநிலத்தின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 100 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் 7 பேர் விமானப் பணியாளர்கள். மாண்டவர்களின் உடல்கள் அந்நினைவிடத்தில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன.

அந்த எழுவரோடு அதற்கு முன் பலமுறை சேர்ந்து பறந்த தோழர்கள் இருந்திருப்பார்கள். துயரம் ஆறுவதற்குள் அவர்களும் சீருடை அணிந்து, விமானத்தின் வாயிலில் நின்று, பயணிகளைப் புன்னகையுடன் வரவேற்றிருப்பார்கள். அவர்களின் மனத்துயரை யார் கேட்டிருப்பார்? விமான விபத்து நேரும்போது நாம் பயணிகளைப் பற்றியும் விமானியைப் பற்றியும் பேசுகிறோம். சிப்பந்திகளின் மனநலத்தைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். துயரிலும் நெருக்கடியிலும் அவர்களுக்குத் துணைநிற்கும் சக பணியாளர் ஆதரவுத் திட்டத்தை ஒவ்வொரு விமான நிறுவனமும் கட்டாயம் நடத்த வேண்டும் என்பதே என் கருத்து.

விமானச் சிப்பந்தியின் வேலை, உணவு பரிமாறுவதோடு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அவர் முதலில் ஒரு பாதுகாப்புப் பணியாளர். விபத்து நேர்ந்தால் பயணிகள் அனைவரையும் 90 விநாடிகளுக்குள் வெளியேற்ற முடியுமா என்று புதிய பயணிகள் விமானங்களைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அவசர வேளையில் அக்கடமையை முன்னின்று செய்பவர் சிப்பந்தியே. தீயை அணைப்பதும், மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி அளிப்பதும், குடிபோதையில் கூச்சலிடுபவரை அடக்குவதும் அவருடைய பொறுப்புகளே.

இவ்வேலைக்கு இன்னொரு சுமையும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட், விமானச் சிப்பந்திகளை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். மனத்தில் என்ன இருந்தாலும் முகத்தில் புன்னகையைக் காட்டுவதும் ஒருவகை உழைப்பே என்று அவர் விளக்கினார். அதனை 'உணர்வு உழைப்பு' என்று அழைக்கிறோம். தூக்கும் மூட்டையின் கனம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்; இந்த உழைப்பின் கனம் தெரிவதில்லை. இதனோடு இரவுப் பணியும், நாட்டுக்கு நாடு மாறும் நேரமும், கெடும் உறக்கமும் சேர்ந்துகொள்கின்றன. தீபாவளியன்று குடும்பமே வீட்டில் கூடியிருக்க, சிப்பந்தி மட்டும் எங்கோ ஒரு தங்கும் விடுதியில் தனியாக இருக்க நேரிடும்.

வழக்கமான நாள்களின் நிலையே இதுவென்றால், அசம்பாவிதம் நேர்ந்த நாளில் நிலைமை என்னவாகும்? 2014ஆம் ஆண்டை மலேசியர் எவரும் மறக்க முடியாது. மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் எம்.எச்.370 காணாமற்போனது. ஜூலை 17ஆம் நாள் உக்ரேன் வான்வெளியில் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். இவ்விரு விமானங்களிலும் பணியாற்றிய சிப்பந்திகள் மட்டும் 21 பேர். நான்கே மாத இடைவெளியில் அத்தனை தோழர்களை இழந்த பிறகும், மற்றச் சிப்பந்திகள் தொடர்ந்து பறந்தனர்.

2024ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், இலண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் விமானம் ஒன்று கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. அது பேங்காக்கில் தரையிறக்கப்பட்டது. ஒரு பயணி உயிரிழந்தார்; பலர் காயமடைந்தனர். தாங்களே காயமுற்றிருந்த சிப்பந்திகளும் பயணிகளுக்கு உதவினர். உடற்காயத்திற்கு மருத்துவமனை உண்டு. அன்று கண்ட காட்சி மறுபடி மறுபடி கண்முன் வந்து உறக்கத்தைக் கெடுத்தால், அதற்கு எங்கே செல்வது?

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது பழமொழி. சக பணியாளர் ஆதரவுத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். சிப்பந்திகளுள் சிலர் தாமாக முன்வந்து பயிற்சி பெறுகின்றனர். குறுக்கிடாமல் கேட்பது, தீர்ப்புச் சொல்லாமல் பேசுவது, கேட்டதைப் பிறரிடம் சொல்லாமல் காப்பது ஆகியவற்றை அவர்கள் கற்றுக்கொள்கின்றனர். அசம்பாவிதம் நடந்தவுடன், பாதிக்கப்பட்டவர் தேடி வரட்டும் என்று காத்திராமல், அவர்களே தொடர்புகொண்டு பேசுகின்றனர். தம்மால் தீர்க்க முடியாத சிக்கல் என்றால், தகுதிபெற்ற மனநல ஆலோசகரிடம் வழிகாட்டி விடுகின்றனர். அமெரிக்காவில் விமானச் சிப்பந்திகளின் தொழிற்சங்கம் இத்தகைய திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது.

விமானிகளைப் பொறுத்தவரை, ஐரோப்பா ஒரு படி முன்னே சென்றுள்ளது. 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், தமது மனநோயை நிறுவனத்திடம் மறைத்துப் பணியாற்றிய துணை விமானி ஒருவர், பயணிகள் விமானத்தைப் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்தார். 150 உயிர்கள் பறிபோயின. அதன் பின்னர், விமானிகளுக்குத் தண்டனை அச்சமற்ற ஆதரவுத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் விதி வகுத்தது. 2021இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால், அவ்விதி விமானிகளுக்கு மட்டுமே உரியது. ஒரே விமானத்தில், ஒரே கொந்தளிப்பில் சிக்கியவர்களுள், கதவுக்கு முன்னால் இருப்பவருக்கு ஆதரவு கட்டாயம். பின்னால் இருப்பவருக்கு அது நிறுவனத்தின் விருப்பம் என்பது எவ்வகை நியாயம்?

இதற்கு மாற்றுக் கருத்துகளும் உண்டு. ஆலோசகர் இருக்கும்போது சக பணியாளர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆலோசகரின் அறிவு இன்றியமையாததுதான். எனினும், நள்ளிரவில் 37,000 அடி உயரத்தில் ஒருவரின் உயிரைக் காக்கப் போராடித் தோற்ற அனுபவத்தை, அதே இடத்தில் நின்றவரிடம் சொல்வது எளிது. அவரிடம் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

சொன்ன செய்தி மேலதிகாரியின் காதுக்குப் போய்விடாதா என்பது அடுத்த ஐயம். இது நியாயமான அச்சமே. 'மனம் சரியில்லை' என்று சொன்னால் பணி அட்டவணையிலிருந்து பெயர் நீங்கிவிடும் என்று அஞ்சுபவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே, உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, கேட்டது எதுவும் நிர்வாகத்திற்குச் செல்லாது என்ற உறுதி எழுத்து வடிவில் இருக்க வேண்டும். கேட்பவரும் மனிதரே, பிறர் துயரைச் சுமந்து அவரும் சோர்ந்துவிடக்கூடும். எனவே, நிபுணர் ஒருவர் அவர்களை அவ்வப்போது சந்தித்து வழிநடத்த வேண்டும். இவற்றிற்கெல்லாம் செலவாகும் என்பது உண்மை. ஆனால், விமானத்தின் இயந்திரத்தைப் பழுதுபார்க்கச் செலவைக் காரணம் காட்டி எந்த நிறுவனமும் தயங்குவதில்லையே!

இந்த யோசனை நமக்குப் புதியதன்று. நம் இடைநிலைப்பள்ளிகளில் பி.ஆர்.எஸ். எனப்படும் சகமாணவர் வழிகாட்டிகள் இருக்கின்றனர். ஆசிரியரிடம் சொல்லத் தயங்குவதை மாணவர்கள் அவர்களிடம் சொல்கின்றனர். பள்ளியில் நாம் ஏற்றுக்கொண்ட ஒன்றை, வானில் உயிர்காக்கும் பணியாளர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும்? மனச்சுமை கூடும்போது எந்த மலேசியரும் சுகாதார அமைச்சின் 15555 என்னும் ஹீல் எண்ணை அழைக்கலாம். அந்தப் பொதுச் சேவையோடு, தொழிலை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் துணையும் சிப்பந்திக்கு வேண்டும்.

நாளை உங்களுள் சிலர் செனாய் விமான நிலையத்திலிருந்து பயணியாகப் பறப்பீர்கள். சிலர் சிப்பந்தியின் சீருடையையும் அணியக்கூடும். 'முதலில் உங்கள் உயிர்வளிக் கவசத்தை அணிந்துகொள்ளுங்கள். பிறகு மற்றவருக்கு உதவுங்கள்' என்று ஒவ்வொரு பயணத்திலும் சிப்பந்தி நமக்கு அறிவுறுத்துகிறார். அந்த அறிவுரை அவருக்கும் பொருந்தும். அவருடைய மனம் மூச்சுத் திணறும் வேளையில் கவசத்தை எடுத்து நீட்ட, பக்கத்தில் ஒரு தோழரை அமர்த்துவது விமான நிறுவனங்களின் கடமையாகும்.