விரட்டினால் வேலை நடக்குமா?

கடலூரில் விடியற்காலை பஸ் ஏறுகிறாள் ஒரு நர்சு. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலை டூட்டி. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். வழியில் பஸ் பழுது. கால் மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம்.

வார்டு வாசலில் தலைமை நர்சு நிற்கிறார்.

"இப்போதுதான் பொழுது விடிந்ததா?" என்று நோயாளிகள் முன்னால் அதட்டலாம்.

"குழந்தைக்குக் காய்ச்சலா? சரி, முதலில் மூன்றாம் கட்டிலுக்கு ஊசி போடம்மா. தாமதத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்றும் சொல்லலாம்.

அதட்டினாலும் வேலை நடக்கும். ஆனால், நேரம் முடிந்ததும் அவள் போய்விடுவாள். அன்பாகச் சொன்னாலோ, போகிற வழியில், "பாட்டி மருந்து குடித்தாளா?" என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள்.

காந்த ஆஸ்பத்திரி

இது வெறும் கற்பனை அல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்சுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் நர்சுகள் விலகாமல் இருந்தார்கள். அப்படிப்பட்ட 41 ஆஸ்பத்திரிகள் பற்றிய ஆராய்ச்சி 1983-ல் வெளிவந்தது. காந்தம்போல் இழுத்ததால் அவற்றுக்குக் "காந்த ஆஸ்பத்திரி" என்று பெயர்.

அங்கே தலைமை நர்சுகள் அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை. வார்டுக்கு வந்தார்கள். மற்ற நர்சுகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

புயல் வரும் நாளில்

2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல் என்று அடிபட்ட மாவட்டம் கடலூர். 1985-ல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறியது. கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது.

கட்டடங்கள் உண்டு. ஆனால், புயல் நாளில் சொந்த வீட்டை விட்டுவிட்டு வார்டுக்கு ஓடிவர வேண்டியவள் நர்சு. அன்று அவளை இழுத்து வருவது வருகைப் பதிவேடா? இல்லை. "நம் அக்கா தனியாகத் தவிப்பாரே" என்ற எண்ணம்!

கண்டிப்பு வேண்டாமா?

வேண்டும். மருந்து மாறினால் உயிர் போய்விடும். ஆனால், தவறைத் தனியாக அழைத்துக் கண்டிக்க வேண்டும். நல்லதை நாலு பேர் முன்னால் பாராட்ட வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் இரவு டூட்டியைப் பங்கிட வேண்டும்.

இரண்டு பேர் வேலையை ஒருத்தியே செய்தால், இனிய சொல் எத்தனை நாள் தாங்கும்? போதுமான ஆள் போடுவதும், தக்க சம்பளம் கொடுப்பதும் ஆஸ்பத்திரியை நடத்துவோர் கடமை. இருப்பவர்களை மனிதராக நடத்துவது தலைமை நர்சின் கடமை.

நோயாளிக்கு நர்சு தாய். அந்தத் தாய்க்கும் ஒரு தாய் வேண்டும் அல்லவா?