படகுக்கு ஒரு நியாயம்

அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், மனுச் செய்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கே இடம் கிடைத்த ஆண்டுகளில், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் பொறுக்கியெடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 86 பேர் உள்ளே போனார்கள். 2018-ல் விசாரணைக்கு வந்த ஒரு வழக்கு இந்தக் கணக்கை அம்பலமாக்கியது.

விளையாட்டும் ஒரு திறமைதானே என்பீர்கள். ஆம், திறமைதான். ஆனால், என்ன விளையாட்டு? கூடைப்பந்து ஆடி ஏழைப் பிள்ளைகள் சிலரும் வருகிறார்கள், மெய். அவர்களைக் காட்டிவிட்டு, பின்னாலேயே துடுப்புப் படகும் பாய்மரப் படகும் வாள்வீச்சும் ஸ்குவாஷும் அல்லவா வருகின்றன! குடிக்கூலிக்கே திண்டாடுகிறவன் பிள்ளைக்குப் படகு எங்கிருந்து வரும்?

வேறு சில சர்வகலாசாலைகளில் ரிக் சிங்கர் என்ற தரகர், படகோட்டத் தெரியாத பணக்காரப் பிள்ளைகளைப் படகு வீரர்கள் என்று காட்டி இடம் வாங்கித் தந்தது 2019-ல் வெளியாயிற்று. அவருக்குச் சிறை. நல்லது. பத்து வருஷம் பணத்தைக் கொட்டி நிஜமாகவே படகோட்டக் கற்றவனுக்கோ வரவேற்பு! அவன் உழைத்தான், நான் மறுக்கவில்லை. அந்த உழைப்புக்கு முதல் போட்டது யார்? அப்பனின் பணப்பை.

முன்சொன்ன வழக்கின் முடிவைக் கேளுங்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் இனம் பார்த்து இடம் தரலாகாது என்றது. கறுப்பின மாணவனுக்கு இருந்த சலுகை போயிற்று. படகுச் சலுகையை அந்தத் தீர்ப்புத் தொடவில்லை. வறுமையும் அவமானமும் கண்ட பரம்பரைக்குக் கொடுத்தால் பாரபட்சம். படகுக்குக் கொடுத்தால் தகுதி!

ஜெயித்தவனுக்கு மாலை போடுங்கள், பதக்கம் கொடுங்கள். நானும் கை தட்டுவேன். படிப்பதற்கென்று உள்ள இடத்தை ஏன் ஐயா பந்தயப் பொருளாக்குகிறீர்கள்?